கருவியின் பணிவும் கருத்தாவின் பொறுப்பும்

ஒரு காரியம் தோன்றுவதற்கு முதற்காரணம், துணைக்காரணம், நிமித்தகாரணம் என மூன்று வேண்டும் எனக் கூறும் சைவ சித்தாந்தம், குடத்துக்கு மண் முதற்காரணம் என்றும், திகிரியும் தண்டும் துணைக்காரணம் என்றும், குயவன் நிமித்தகாரணம் என்றும் விளக்குகிறது. கருவிக்குத் தனி இயல்பு உண்டென ஒப்புக்கொண்டே, அறிவும் இச்சையும் உடையவன் கருத்தா ஒருவனே என இப்பகுப்பு நிறுவுகிறது. கருவி நுட்பமாகுந்தோறும் இவ்வரையறை நிலைக்குமா என்னும் வினா, உலங்குவானூர்தியின் ஒலி கேட்டுப் பதுங்குகுழிக்குள் இறங்கிய மக்கள் வாழும் வன்னியில் வெறும் ஏட்டு வினா அன்று.

இலங்கை விமானப்படை வன்னிப் போரில் பயன்படுத்திய பெல் 212, எம்ஐ-24 ஆகிய உலங்குவானூர்திகள் இரண்டும், சுழலும் இறகுகளைச் சுழல்தண்டுடன் இணைக்கும் உறுப்பாகிய சுழலித்தலையில் பெரிதும் வேறுபடுவன. பெல் 212 இல் இரண்டு இறகுகளும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டு, தண்டின் நடு அச்சிலுள்ள ஒரே பிணைச்சலில் ஆடுவதால், ஓர் இறகு உயர மற்றது தாழும். ஆயினும் அந்தச் சாய்வு உடலை நேராகத் திருப்பாது. இறகுகளின் தூக்குவிசை சாய்ந்த பின்னரே கீழே தொங்கும் உடல் அதனைப் பின்தொடரும். ஊர்தி திடீரெனக் கீழ்நோக்கித் தள்ளப்பட்டுத் தூக்குவிசை மறையுமாயின், விமானியின் பிடி அசைந்தாலும் உடல் பணியாது. சுழலித்தலை தண்டில் மோதும் பேராபத்தும் அப்போது நேரலாம். எம்ஐ-24 இன் ஐந்து இறகுகளுக்கும் தனித்தனிப் பிணைச்சல்கள் அச்சிலிருந்து விலகி அமைந்திருப்பதால், சுழற்சியால் இறகுகள் வெளிநோக்கி இழுக்கும் விசை அந்த விலக்கத்தின் வழியே உடலை நேராகவே திருப்புகிறது. 1992 இல் முதன்முதலாகப் பறந்த இந்தியாவின் துருவ் ஊர்தியிலோ, பிணைச்சலுக்குப் பதிலாக வளைந்துகொடுக்கும் பகுதிகள் இருத்தலின், விமானியின் கட்டளை மிக விரைவாக உடலை எட்டுகிறது. காற்றின் தாக்கமும் அவ்வாறே எட்டுகிறது.

இவ்வாறு கருவியின் அமைப்பு செயலை உருவாக்குமாயின், செயலின் பொறுப்பில் அதற்கும் பங்குண்டு என ஒருவர் வாதிடலாம். ஆனால் பிணைச்சல் எங்கே அமைய வேண்டும் என்பது அதனை வடிவமைத்தோர் முன்னரே அறிந்து செய்த தெரிவாதலால், பொறுப்பு இரும்புக்குச் செல்லாமல் அறிவுடையோரிடையே பகிரப்படுகிறது. மேலும், உயிர் தான் சார்ந்ததன் இயல்பைத் தானும் பெறும் என்னும் சித்தாந்தக் கருத்துக்கேற்ப, பயின்ற விமானியின் கை சுழலித்தலையின் தாமதத்தைத் தன்னுள் வாங்கி, அதற்கு முன்னதாகவே அசையக் கற்றுக்கொள்கிறது. அறிந்து ஈடுசெய்யப்பட்ட தாமதம், தவறிய குறிக்குச் சாக்காகாது.

காயமடைந்தோரை ஏற்றிச் சென்றதும் துப்பாக்கியைச் சுமந்து வந்ததும் பெல் 212 என்னும் ஒரே வகை ஊர்திதான். அதன் சுழலித்தலை இரண்டு நோக்கங்களுக்கும் ஒரே விதமாகவே சாய்ந்தது. ஆகவே புண்ணியமும் பாவமும் கருவியைச் சேர்வதில்லை என்னும் பழைய முடிபு இன்றும் நிலைபெறுகிறது. அதனோடு இன்னொன்றும் பெறப்படுகிறது: கருவி எவ்வளவு விரைவாகவும் பிழையின்றியும் பணிகிறதோ, அவ்வளவுக்கு எண்ணத்துக்கும் விளைவுக்கும் இடையிலான தொலைவு குறைகிறது, அத்தொலைவு குறையுமளவுக்கு, ஏவியவனின் பொறுப்பு கூடுகிறது.