குனிந்து எடு!

"கடற்கரைக் குப்பையை நான் ஒருத்தன் பொறுக்கி என்ன ஆகிவிடப் போகிறது?" இந்தக் கேள்வியை இன்றோடு விட்டுவிடு, தம்பி. நீயும்தான், தங்கையே. அது சோம்பல் உன் குரலைக் கடன் வாங்கிப் பேசும் பேச்சு.

கோடியக்கரைக்கு வா. போகிற வழியில் அகஸ்தியம்பள்ளியில் ஒரு நிமிடம் நில். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜியோடு கிளம்பிய சுமார் 100 தொண்டர்கள், சித்திரை வெயிலில் நடந்தே வந்து உப்பெடுத்த மண் அது. அவர்களுக்குச் சோறு போட்டால், தங்க இடம் கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் மிரட்டினார். ஊர்கள் அஞ்சவில்லை, சோறு போட்டன. ஒரு பேரரசை எதிர்த்து அந்தத் தொண்டர்கள் செய்தது என்ன? குனிந்தார்கள். ஒரு பிடி அள்ளினார்கள். உன்னிடம் கேட்பதும் அவ்வளவுதான்!

அங்கிருந்து தெற்கே போனால் காடு. 1967இல் சரணாலயமானது, 2002இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறியது. வெளிமான் துள்ளும், பூநாரை கூட்டமாக இறங்கும். ஆனால் நீ பார்க்க வேண்டியது கொசு உள்ளானை. வடதுருவத்தை ஒட்டிய நிலத்தில் பொரித்து, கண்டம் தாண்டி இங்கே வரும் அந்தப் பறவை உன் உள்ளங்கையில் அடங்கிவிடும். அதற்கு இருக்கும் துணிச்சல் உனக்கு இல்லையா? உண்டு. நீ இன்னும் அதைக் கூப்பிடவில்லை.

இப்போது கரைக்கு வா. அலை ஒதுக்கிய கோட்டில் செருப்பு, தெர்மாகோல், பாட்டில் எல்லாம் கிடக்கும், சாக்கில் போடு. வலைதான் உன்னைச் சோதிக்கும். அறுந்த நைலான் வலை மணலில் பாதி புதைந்திருக்கும், வெடுக்கென்று இழுத்தால் வராது. சுற்றிலும் மணலைப் பறி, பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடு, சேர்ந்து இழு. முதுகு வலிக்கும். வலிக்கட்டும்! முட்டையிடக் கரையேறும் பங்குனி ஆமையின் துடுப்பும், கடலை நோக்கி ஓடும் அதன் குஞ்சும் சிக்கிச் சாகும் வலை அது. நீ பிடுங்கிய வலையில் இனி எந்த உயிரும் சிக்காது. இந்தப் பெருமையைப் பணம் கொடுத்து யாரும் வாங்க முடியாது.

ஒன்றை மட்டும் மறக்காதே. ஒதுங்கிய கடற்பாசியும் கட்டையும் சிப்பியும் அப்படியே கிடக்கட்டும். அவற்றின் அடியில் நண்டும் பூச்சியும் வாழ்கின்றன. பறவைக்கு அதுதான் இரை.

இன்னும் நம்பிக்கை வரவில்லையா? மும்பை வெர்சோவா கரையில் 2015 அக்டோபரில் குப்பை அள்ளத் தொடங்கியவர்கள் இரண்டே பேர்: அஃப்ரோஸ் ஷா என்ற இளம் வழக்கறிஞரும், எண்பதைத் தாண்டிய அண்டை வீட்டுப் பெரியவரும். வாரந்தோறும் அள்ளினார்கள், கூட்டம் பின்னால் வந்தது. 2018 மார்ச்சில், பல ஆண்டுகளாக ஆமையைக் காணாத அந்தக் கரையில் பங்குனி ஆமைக் குஞ்சுகள் கடலுக்கு இறங்கின. எண்பது வயதில் ஒருவர் குனிந்தார், உன் இடுப்புக்கு என்ன கேடு?

செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை உலகக் கடற்கரைத் தூய்மை நாள். தை பிறந்தால் ஆமை கரையேறும் காலம். அதற்குள் கரை சுத்தமாக வேண்டும். சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழையாதே. வனச்சரக அலுவலகத்தில் கேள், அனுமதி பெற்ற குழுவோடு சேர், கையுறையும் தண்ணீரும் எடுத்துக்கொள். இன்றே உன் பெயரைக் கொடு!