கன்விவியல் என்னுஞ் சொல்

'கன்விவியல்' என்னும் ஆங்கிலச் சொற்குப் பெருவழக்கான பொருள் விருந்திற்குரிய களிப்பு என்பதாம். அதன் வேர் இலத்தீன் மொழியிலுள்ளது. அம்மொழியில் விருந்தைக் குறிக்கும் 'கொன்வீவியம்' என்பதன் உறுப்புப்பொருள் கூடிவாழ்தலேயாம். கிரேக்கர் விருந்தினைக் கூடிக் குடித்தல், கூடியுண்டல் என வழங்க, உரோமர் கூடிவாழ்தல் என்றதே சிறப்புடைத்தென்று, கி. மு. 44இல் முதுமையைக் குறித்து இயற்றிய நூலிற் சிசெரோ, மூத்த கேட்டோவின் வாயிலாகக் கூறுவர்.

அற்றேல், ஒருங்குண்பாரெல்லாம் ஒருங்கு வாழ்வாராவரோ எனின், ஆகார். ஒரே பந்தியில் மூவகை மது மூவகையார்க்கு வகுக்கப்பட்டமையை இளைய பிளினி ஒரு நிருபத்திற் கடிந்துரைப்பர். தம் இல்லத்தில் யாவர்க்கும் ஒரே உணவென்றும், விடுதலை பெற்ற அடிமைகள் தாம் அருந்துவதை அருந்துவதில்லை, அவர் அருந்துவதையே தாம் அருந்துவதென்றும் மொழிவர். தாழ்ந்தாரை உயர்த்தி ஊட்டுதற்குப் பொருள் வேண்டும். தன் நாவை அடக்குதற்கு மனமே வேண்டும்.

ஆயினும், உரோமர் விருந்துகளிற் பரிமாறி நின்ற அடிமைகட்கு அப்பந்தியில் இடமில்லை. சொல் கூடிவாழ்தலென்றது, செயல் அவரை விலக்கிற்று. அறுபதாண்டு பந்தியிருந்துண்ட யானும், பரிமாறினார் எப்பொழுது உண்டனரென ஒருநாளும் வினவினேனல்லேன். ஆகலின், சொற்பொருளாராய்ச்சி அகராதியோடு முடிவதன்று. நம் பந்தியருகே நிற்பார் யாவரென நோக்குதலும் அதன்பாற்படுமென்க.