பூட்டிய கதவுக்குள் ஓர் அமானத்



குறைஷித் தலைவர்களிடம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தீனை எடுத்துரைத்துக் கொண்டிருந்தபோது, கண்பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் இடையில் வந்து ஏதோ கேட்டார்கள். நபியவர்கள் முகத்தைத் திருப்பிக் கொண்டார்கள். உடனே 'அபஸ' ஸூரா இறங்கியது. அந்த ஸஹாபியே பிற்காலத்தில் மதீனாவில் பாங்கு சொன்னார்கள். நபியவர்கள் ஊரில் இல்லாதபோது தொழுகை நடத்தும் பொறுப்பையும் ஏற்றார்கள்.

பார்வையற்றவர் கண்டிருக்கவே முடியாத ஒரு முகச்சுளிப்புக்கு இந்தக் கண்டிப்பு என்றால், ஊனமுற்ற பிள்ளையைக் கயிற்றில் கட்டி வீட்டைப் பூட்டிச் செல்வதற்கு என்ன பதில் வைத்திருக்கிறோம்?

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை. 2024 ஜூனில் கள்ளச்சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்த பின்னர்தான், அம்மலைமக்களின் சாலையும் மருத்துவமும் பள்ளியும் எந்த நிலையில் உள்ளன என்று சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து விசாரித்தது. அங்கே கூலிக்குப் போகும் தாய், புத்தி வளராத பிள்ளையை யாரிடம் விடுவாள்? விட்டால் கிணறு, அடுப்பு. கூலிக்குப் போகாவிட்டால் பட்டினி. அவள் கயிற்றை எடுத்தால் அவளை 'ஜாலிம்' என்று சொல்லிவிட்டு நாம் சாப்பாட்டுக்குப் போய்விடலாம், எளிதுதான்!

நமக்கு அந்த வாய் இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளைக் காசுக்கு வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள். மாண்டவர் 28 பேர்.

தம் பொருளைத் தாமே நிர்வகிக்க இயலாதவர்களைப் பற்றி 'அந்நிஸா' ஸூராவின் 5ஆம் ஆயத் பேசுகிறது. உணவு, உடையோடு அது நிற்கவில்லை. அவர்களிடம் நல்ல சொல் பேசுவதையும் சேர்த்துக் கட்டளையிடுகிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி, பராமரிப்பில் உள்ள ஊனமுற்றவருக்கு வேண்டுமென்றே உணவை மறுப்பது 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

கடும் பாதிப்புள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் அரசு உதவி உண்டு. ஆனால் மருத்துவச் சான்றும் மனுவும் வேண்டும். வெள்ளிமலையிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினால் ஒரு நாள் கூலி போகும். "அடுத்த வாரம் வா" என்றால் இன்னொரு நாள். அந்த இரு நாள் கூலியையும் பஸ் செலவையும் ஜமாஅத் ஏற்கலாமே! "அவர்கள் நம்மவர் அல்லவே, ஜகாத் சேருமா?" என்பார்கள் சிலர். ஜகாத்தின் சட்டம் வேறு. ஸதகாவுக்கு அந்தத் தடை இல்லை. மனு எழுதத் தெரிந்த இளைஞர் ஒருவர் ஜும்ஆ முடிந்து ஒரு மணி நேரம் பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்தால் போதும். அதற்கு முன், நம் முஹல்லாவில் எந்த வீட்டுப் பிள்ளை எந்தப் பெருநாளுக்கும் வெளியே அழைத்து வரப்படுவதில்லை என்று முத்தவல்லி ஒருமுறை விசாரிக்கட்டும்.