கிணற்றுத் தண்ணீரில் பாசி

பொதியைப் பிரித்ததும் கடல் மணக்கிறது.

இங்கத்தைய கடல் அல்ல. குளிர்ந்த, மெல்லிய, சற்றே இனிப்பான மணம்.


வட்டத் தட்டையாக உலர்ந்த பாசி. பழைய காபன் தாளின் நிறம். யன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் ஓரங்களில் ஊதா தெரிகிறது.

விரல் பட்டதும் முறிகிறது. துகள்கள் உள்ளங்கை ரேகைகளில் தங்குகின்றன.


சீனக் கரையில், ஃபூஜியன் பக்கம், வலைகளில் வளர்ந்தது. யப்பானில் இதன் உறவைத்தான் தாளாக அடித்து நோரி என்கிறார்கள்.

இப்போது யாழ்ப்பாணத்தில், ஒரு பீங்கான் தட்டில்.


கிணறு. வாளி இறங்குகிறது. கயிறு ஈரமாகக் கைக்கு வருகிறது.


குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்குகிறது. அடியிலே கடல்நீர். அதன்மேல் நன்னீர் மிதக்கிறது.

நன்னீர் பாரம் குறைந்தது. அதனால் மேலே நிற்கிறது.

கூட இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும்.


வாளித் தண்ணீரில் வானம் ஆடுகிறது. பிறகு நிற்கிறது.


கேத்திலின் உட்புறத்தில் வெள்ளைப் படை. கொதித்துக் கொதித்து ஏறிய சுண்ணாம்பு.

சுரண்டவில்லை.


அடுப்பில் சட்டி. முதலில் சத்தம் இல்லை. பிறகு அடியில் சிறு குமிழ்கள். அவை மேலே வருவதில்லை. ஒட்டிக்கொண்டே இருக்கின்றன.

இஞ்சி, இரண்டு சீவல்.

கூனி, ஒரு பிடி. சம்பலுக்கு வாங்கியது. சீன வீடுகளிலும் பாசிச் சூப்பில் இதே பொடி இறாலைத்தான் போடுகிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்புக் கண்.


உப்புப் போத்தலைக் கை எடுக்கிறது. திரும்ப வைக்கிறது.

பாசியில் உப்பு இருக்கிறது. கூனியிலும். தண்ணீரிலும் கொஞ்சம்.


சோளகம் அடிக்கிறது. வளவில் பனையோலைகள் ஒன்றோடொன்று உரசுகின்றன.

காற்று விடுகிறது. சத்தம் இல்லாத இடம் ஒன்று.

மறுபடி ஓலை.


வேலணைக் கரையில் சாதாளை ஒதுங்கிக் கிடக்கும். கடற்புல்லும் பாசியும் கலந்து, வெயிலில் கறுத்து. தோட்டத்துக்குப் பசளை.

சமையலறைவரை அது வந்ததில்லை.


தீவுப்பகுதிக் கடலிலும், அங்கால் பூநகரிப் பக்கம் வலைப்பாட்டிலும், கயிறு கட்டிப் பாசி வளர்க்கிறார்கள். காய வைத்து ஏற்றுமதி செய்கிறார்கள். அந்த வகையிலிருந்து கராஜினன் எடுக்கிறார்கள். ஐஸ்கிறீமில் சேர்கிறது. பற்பசையில் சேர்கிறது.

விடியப்புறம் வாய்க்குள் பாசி இருந்திருக்கலாம். தெரியாது.


சட்டி கொதிக்கிறது. தீயைக் குறைக்கிறேன்.

குமுறல் அடங்குகிறது. தண்ணீர் மட்டும் உள்ளே உருள்கிறது.


அடித்த முட்டை. முள்ளுக்கரண்டியின் இடுக்கு வழியாக, உயரத்திலிருந்து, நூலாக.

விழுந்த இடத்தில் ஒரு கணம் மஞ்சள். பிறகு வெளிறுகிறது.

கரண்டி போடத் தோன்றுகிறது. போட்டால் கலங்கும்.

ஒரு மூச்சு உள்ளே. ஒரு மூச்சு வெளியே.

முட்டை அகன்று, மெல்லிய ஏடுகளாக மேலே வருகிறது. இனிக் கிளறலாம். ஒரு சுற்று.


அடுப்பை நிறுத்திய பிறகுதான் பாசி.

கிள்ளிப் போடுகிறேன். மிதக்கிறது. சுருங்குகிறது. சடாரென்று விரிகிறது.


ஊதா போகிறது. பச்சை வருகிறது.

பச்சை முதலே அங்கே இருந்தது. அதை மூடியிருந்த சிவப்பு நிறமி சூட்டில் சிதைகிறது. பச்சையம் தங்குகிறது.

காரணம் தெரிகிறது. கண் அப்படியே பார்த்துக்கொண்டிருக்கிறது.


நல்லெண்ணெய், ஒரு துளி. சீனர்களுடையது வறுத்த எள்ளின் எண்ணெய், கபில நிறம். இது வெளிர் மஞ்சள். வட்டமாகப் பரவி, இரண்டாகிறது. நாலாகிறது.


கோப்பை சுடுகிறது. இரண்டு கையாலும் பிடித்தால் தாங்கலாம்.


அல்லைப்பிட்டி நினைவுக்கு வருகிறது.

1977இல் அங்கே மண்ணுக்குள் சீனப் பீங்கான்கள் கிடைத்தன. 11, 12ஆம் நூற்றாண்டு. சொங் அரசர்கள் காலம். 2018இல் சங்காய் அருங்காட்சியகத்து ஆய்வாளர்கள் வந்து இங்குள்ளவர்களோடு சேர்ந்து மறுபடி தோண்டினார்கள்.

அவற்றில் கிண்ணங்கள் உண்டு. விளிம்பு உடைந்தவை.

எந்த வாய்க்காக வந்தனவோ.


தீவுப்பகுதியில் கடலட்டை அவித்துக் காய வைக்கிறார்கள். இங்கே அதைத் தின்பவர் இல்லை. சீனாவுக்குப் போகிறது.

அட்டை போகிறது. பாசி வருகிறது. எண்ணம் அதற்குமேல் நகரவில்லை.


முதல் வாய். சூடு மட்டும்.

இரண்டாவது. கூனி. இஞ்சி.

பிறகு ஒன்று, நாக்கின் ஓரங்களில். புளிப்பு இல்லை, உறைப்பு இல்லை. விழுங்கிய பிறகும் இருக்கிறது.

1908இல் ரோக்கியோவில் இக்கேடா என்ற வேதியியலாளர் கொம்பு என்னும் தடித்த பாசியைக் காய்ச்சி, இந்தச் சுவையின் பொருளைப் பிரித்தெடுத்தார். குளூட்டமேற்.

பெயர் வந்த இடத்தில் சுவை கொஞ்சம் விலகுகிறது. பெயரை விட்டால் திரும்ப வருகிறது.


பாசி பல்லில் அகப்படுவதில்லை. வழுக்குகிறது. இருந்தது என்று தெரிவதற்குள் இறங்கிவிடுகிறது.


ஒடியற் கூழ் இப்படி இல்லை. நண்டு, மீன்தலை, பயிற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, ஒடியல் மா. உறைப்பில் மூக்கு ஓடும். பிளாவில் ஊற்றி, வளவில் சுற்றியிருந்து குடிப்பது. கதை ஓயாது.

இது ஓராளுக்கு. அடி தெரிகிற சூப்.

இரண்டுக்கும் பசி ஒன்றுதான்.


கோடையில் இந்தப் பாசி காணாமல் போகும். குளிரில் திரும்பும். நடுவில் எங்கே இருக்கிறது என்று வளர்ப்பவர்களுக்கே தெரியாமல் இருந்தது.

1949இல் மன்செஸ்ரரில் கத்லீன் ட்ரூ பேக்கர் என்ற பாசி ஆய்வாளர் சொன்னார்: சிப்பி ஓட்டுக்குள். இளஞ்சிவப்புக் கறையாக. அந்தக் கறையை அதுவரை வேறொரு பாசியாக எண்ணி, வேறு பெயரில் அழைத்திருந்தார்கள்.

அவர் யப்பானுக்குப் போனதில்லை. அங்கே கடலைப் பார்த்தபடி அவருக்கு ஒரு கல் நாட்டியிருக்கிறார்கள்.


ஓடு சுண்ணாம்பு. இந்த வீட்டுக்குக் கீழே உள்ள கல்லும் சுண்ணாம்பு. மிகப் பழைய கடலின் சிப்பிகளும் பவளங்களும் இறுகியது.

கேத்திலின் வெள்ளைப் படையை நகத்தால் தொடுகிறேன். சொரசொரப்பு.


கோப்பையின் அடியில் ஒரு சீவல் இஞ்சி. கூனியின் கண்கள் சில. ஒரு துண்டுப் பாசி பீங்கானோடு ஒட்டியிருக்கிறது. சரித்தாலும் வருவதில்லை.


காகம் மதிலில் வந்து இருக்கிறது. ஒன்றும் கேட்கவில்லை.


சட்டியில் மிச்சம் வைப்பதில்லை. ஆறினால் பாசி கரைந்து, மணம் கனத்துவிடும்.

வயிற்றில் ஒரு வெதுவெதுப்பு. நிறைவு என்று சொல்லும் அளவுக்கு இல்லை. குறை என்றும் இல்லை.


மற்றப் பொதியில் கொம்பு. தடித்த பட்டைகள், மேலே வெள்ளைப் பூச்சு. அது பூஞ்சணம் இல்லை. கழுவினால் சுவையும் போய்விடும். ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

ஊற நேரம் எடுக்கும். பிறகு எலும்போடு, முள்ளங்கியோடு, மெல்லிய தீயில்.

திருநெல்வேலிச் சந்தையில் முள்ளங்கி வந்திருக்குமோ.