வேண்டுதல் ஏதும் இல்லை

மழை ஓய்ந்து மார்கழிக் குளிர் இறங்கியதும் ஆலங்காயத்திலிருந்து காவலூர் போகும் மலைச்சாலையில் சைக்கிள் மிதிக்க ஆரம்பிப்பேன். காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்துக்காரர்களுக்கும் அதன் பிறகுதான் வானம் தெளியும். 1986இல் திறந்த பெரிய தொலைநோக்கியே மழைமேகம் விலகக் காத்துத்தான் கிடக்கிறது. ஐம்பதைத் தாண்டிய என் முழங்கால் காத்திருப்பதில் என்ன வந்துவிட்டது? 200, 300 கிலோமீட்டரை நேரக் கெடுவுக்குள் முடிக்க வேண்டிய பிரெவே என்ற நெடுந்தூர சைக்கிள் ஓட்டங்களுக்கு முன் அதைப் பழக்கியாக வேண்டும்.

பருவத் தொடக்கத்தில் விதி ஒன்றுதான்: பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே போகும் வேகம். மேட்டிலும் அதே. மூச்சு வாங்கினால் கியரைக் குறைக்க வேண்டும். பள்ளிக்கூடப் பையன் ஒருவன் பழைய சைக்கிளில் எழுந்து நின்று மிதித்து, திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தாண்டிப் போவான். போகட்டும் என்று விடுவதுதான் அன்றைய பயிற்சியிலேயே கடினமான பகுதி.

அடிவாரத்து டீக்கடைப் பெரியவர் ஒருநாள் கேட்டார்: "என்ன வேண்டுதல் சார்?" திருவண்ணாமலைக்கும் பழனிக்கும் செருப்பில்லாமல் நடப்பவர்களுக்கு டீ ஆற்றிக் கொடுத்த கை. விடியற்காலையில் ஒருவன் வியர்த்து வழிய மலையேறினால் சாமிக்கு ஏதோ பாக்கி என்று அவர் நினைத்தது நியாயம்தான். வேண்டுதல் ஒன்றுமில்லை, உடம்புக்காக என்றேன். "உடம்புக்கா உடம்ப இப்பிடி வருத்துறீங்க?" என்றார்.

வருத்தினால் புண்ணியம் என்ற கணக்கு இந்த மண்ணில் பழையது. ஆம்பூர்ப் பக்கம் மலையாம்பட்டில் அர்மாமலைக் குகை இருக்கிறது. 8ஆம் நூற்றாண்டுச் சமண ஓவியங்கள் அங்கே மங்கிக்கொண்டிருக்கின்றன. உடலை ஒறுத்தால் பழவினை உதிரும் என்பது அந்தச் சமயத்தின் உறுதி. உண்ணாமலிருந்து உயிர் விடுவது அதன் உச்சம். புத்தரும் அந்த வழியில் எலும்பும் தோலுமாகும்வரை போனவர்தான். பிறகு சுஜாதை கொடுத்த பாற்சோற்றை வாங்கிச் சாப்பிட்டார், கூட இருந்த ஐவரும் வெறுத்து விலகினார்கள். கீதை இன்னும் கடுமை: உடம்பை வதைத்துத் தவம் செய்பவர்களை அதன் 17ஆம் அத்தியாயம் அசுரர் பக்கத்தில் சேர்த்துவிடுகிறது.

என் கட்சி பாற்சோற்றுக் கட்சி. பட்ட கஷ்டத்தை உடம்பு கணக்கில் வைப்பதில்லை. அதற்குத் தெரிந்தது அளவும் ஓய்வும்தான். மெதுவான நீண்ட ஓட்டத்தால் முதல் ஓரிரு வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. பிறகு மாதக்கணக்கில், தொடைத் தசைக்குள் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பெருகுகின்றன, கொழுப்பை எரித்து ஓடும் பழக்கம் வருகிறது. இந்த வேலையில் பெரும்பகுதி நான் சைக்கிளைச் சாத்திவிட்டுத் தூங்கும்போது நடக்கிறது. தூக்கத்தைத் தவம் என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எனக்கு அதில் ஆட்சேபம் உண்டு.

பிரெவேயிலும் இந்த நிதானம் சட்டமாகவே இருக்கிறது. 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம். பரிசு இல்லை, முதலிடம் இல்லை. வழியில் வருகையைப் பதியும் சாவடிக்கு மூடும் நேரம் இருப்பதுபோல் திறக்கும் நேரமும் உண்டு. அதற்கு முன்னால் பறந்து போனால் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

ஆனால் பலன் கருதாத கர்மம் என்று இதற்குப் பட்டம் கட்ட மாட்டேன். மார்கழியில் அடக்கி மிதிப்பதே மாசியில் ஓங்கி மிதிக்கத்தான். பலனைத் தள்ளிப்போடுவது வேறு, துறப்பது வேறு. வேண்டுதல்காரரும் முன்கூட்டியே ஒன்றைக் கேட்டுவிட்டுத்தான் நடக்கிறார்; அந்த வகையில் நாங்கள் இருவரும் வியாபாரிகள்தான்.

இதையெல்லாம் அக்காவிடம் விளக்கினேன். கார்த்திகைதோறும் வெறுங்காலோடு அண்ணாமலைக்கு நடப்பவள். கொப்புளத்துக்கு மஞ்சள் வைத்துக்கொண்டே கீதை, புத்தர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். "நீ சொல்றது சரியாவே இருக்கட்டும். அண்ணாமலையார் என்கூட நடந்து வரார். உன் சைக்கிள்ல ஒரு கேரியர்கூட இல்ல, அவர் எங்கடா உட்காருவார்?"