பின்மூடிக்குள் நடப்பது

பழுதான பொருளொன்றைப் பிறர் கையில் ஒப்படைக்கும்போது, பொருளோடு நம் அறியாமையையும் சேர்த்தே ஒப்படைக்கிறோம். தையற்காரர் தைத்த சட்டை பொருந்தாவிடில் அணிந்த மறுகணமே தெரிந்துவிடும். சமையற்காரர் உப்பை மறந்தால் முதற்கவளத்திலேயே நாக்கு அதைச் சொல்லிவிடும். ஆனால், கடிகாரம் பழுதுபார்ப்பவரின் வேலை பின்மூடிக்குள் நடைபெறுவது. அவர் செய்தது என்ன, செய்யாமல் விட்டது என்ன என்பதை அவரும் அவருடைய மனச்சான்றும் மட்டுமே அறிவர். சோதித்தறிய இயலாதவனுக்கு, அறிந்தவன் செலுத்த வேண்டிய கடன் யாது? இக்கேள்வியைக் குறித்தே இங்குச் சிந்திக்க விழைகிறோம்.

நம்மிடம் சாவி கொடுக்கும் எச்.எம்.டி. கைக்கடிகாரம் ஒன்று உண்டு, தந்தையார் அணிந்திருந்தது. அது நாளுக்கு நாள் பிந்தத் தொடங்கவே, நகரில் பழுதுபார்க்கும் கடை ஒன்றில் கொடுத்தோம். "முழுவதும் பிரித்துச் சுத்தம் செய்து தருகிறேன், வெள்ளிக்கிழமை வாருங்கள்" என்றார் கடைக்காரர். மூன்று வெள்ளிக்கிழமைகள் கடந்த பின்னரே அது கைக்கு வந்தது. கேட்ட கூலியைக் கொடுத்தோம். பதினொரு நாள் ஓடியது, பிறகு நின்றுவிட்டது. திரும்பச் சென்றபோது, அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "பழைய கடிகாரம் சாமி, அப்படித்தான் இருக்கும்" என்றார். பிறிதொரு கடையில் காட்டினோம். அங்கிருந்த முதியவர் லென்சைக் கண்ணில் பொருத்திப் பார்த்துவிட்டு நம்மையும் பார்க்கச் சொன்னார். காய்ந்து கறுத்த பழைய எண்ணெயின் மேலேயே புதிய எண்ணெய் விடப்பட்டிருந்தது. திருகாணி ஒன்று இருந்த இடம் வெறுமையாயிருந்தது.

இதில் என்ன தவறு என்று கேட்பவர்க்காக ஒரு விளக்கம். சாவி கொடுக்கும் பழைய கைக்கடிகாரங்கள் பலவும் ஒரு மணி நேரத்தில் 18,000 முறை துடிப்பவை. அதாவது நொடிக்கு ஐந்து முறை, நாளொன்றுக்கு 4,32,000 முறை. இத்தனை அசைவையும் தாங்கும் மெல்லிய அச்சுகள், செயற்கை மாணிக்கக் கற்களில் பொருந்திச் சுழல்கின்றன. அவ்விடத்தில் துளியினும் துளியான எண்ணெய் வேண்டும். ஆண்டுகள் செல்ல அது காய்ந்து, தூசியோடு கலந்து பசையாகும். எனவே உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கழுவி, உலர்த்தி, மீண்டும் பூட்டி, உரிய இடங்களில் மட்டும் எண்ணெய் இடுவதே முறையான வேலை. அழுக்கின் மேல் எண்ணெய் விட்டால் சில நாள் ஓடும். அந்தச் சில நாளில் கூலி கைமாறிவிடும்.

பழுதுபார்ப்பவரின் பக்கத்தையும் எண்ணிப் பார்ப்பதே நீதி. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு 1961-இல் பெங்களூரில் கடிகாரத் தயாரிப்பைத் தொடங்கியது எச்.எம்.டி. அதன் கடிகார நிறுவனத்தை மூடுவதற்கு நடுவண் அரசு 2016-இல் ஒப்புதல் அளித்தது. உதிரி உறுப்புகள் கிடைப்பது அரிதாகிவிட்டது. கைப்பேசியிலேயே மணி பார்ப்போர் பெருகிவிட்டனர். மின்கலம் மாற்றுவதும் வார் மாற்றுவதுமே பல கடைகளின் அன்றாட வருமானம். பல மணி நேர உழைப்பைக் கேட்கும் வேலைக்குப் பேரம் பேசிக் கூலியைக் குறைப்போரும் நம்மிடையே உள்ளனர். இவை அனைத்தும் உண்மையே. ஆனால் இத்துன்பங்கள் எல்லாம் சேர்ந்து அவருக்கு வழங்கும் உரிமை ஒன்றே: "இதற்கு இவ்வளவு கூலி ஆகும்" என்றோ, "இது என்னால் இயலாது" என்றோ வெளிப்படையாகச் சொல்லும் உரிமை. செய்யாததைச் செய்ததாகச் சொல்லும் உரிமையை வறுமையும் தருவதில்லை.

பழுதுபார்க்கக் கொடுத்த பொருளைச் சட்டம் எவ்வாறு நோக்குகிறது? ஒப்படைக்கப்பட்ட பொருளை, அத்தகைய தன் பொருளை ஒரு சராசரி விவேகமுள்ள மனிதர் எவ்வாறு பேணுவாரோ, அவ்வாறே பேண வேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவு. இதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, 'நடுவு நிலைமை' அதிகாரத்தின் இறுதிக் குறளில், பிறர் பொருளையும் தம்முடையதுபோல் பேணுவதே வணிகர்க்கு முறையான வணிகம் என்று வள்ளுவர் உரைத்துவிட்டார். பொருளில் மறைந்துள்ள குறையை விற்பவன் சொல்லக் கடமைப்பட்டவனா என்னும் வினாவைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுப்பினார் புனித தாமஸ் அக்குவினாஸ். வாங்குபவனுக்கு இழப்போ ஆபத்தோ விளைவிக்கும் மறைவான குறையைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது அவர் முடிவு. வெளிப்படையாகத் தெரியும் குறைக்கும் மறைந்திருக்கும் குறைக்கும் அவர் காட்டும் வேறுபாடு கருதத்தக்கது. எங்கே மற்றவனின் கண் எட்டவில்லையோ, அங்கேதான் அறிந்தவனின் நாவுக்குக் கடமை பிறக்கிறது.

ஆகவே, அறிந்தவன் அறியாதவனுக்குச் செலுத்த வேண்டிய முதற்கடன் திறமையன்று, உண்மையான சொல்லே என்பது நம் துணிபு. திறமைக்கு எல்லை உண்டு. எவ்வளவு தேர்ந்த கைக்கும் சில கடிகாரங்கள் மசிவதில்லை. அதற்காக எவரையும் குற்றம் சொல்ல இயலாது. ஆனால் "இயலாது" என்று சொல்வதற்கு எந்த உதிரி உறுப்பும் தேவையில்லை. அச்சொல்லைக் கேட்டு வெறுங்கையோடு திரும்புபவனும் ஒன்றைப் பெற்றே திரும்புகிறான்: தன் பொருளின் உண்மை நிலை இது என்னும் அறிவை.

சில நூறு ரூபாய்க்கு இவ்வளவு சிந்தனை வேண்டுமா என்று சிலர் எண்ணலாம். இழப்பு அந்தத் தொகையோடு நிற்குமானால் வேண்டுவதில்லை. இரண்டாம் கடையில் அமர்ந்திருந்தபோது, அம்முதியவரின் விரல்களை நம் கண்கள் ஐயத்தோடு பின்தொடர்ந்தன. அவர் நமக்கு ஒரு தீங்கும் செய்தவரல்லர். முதல் கடையில் விதைத்த ஐயத்தை அவர் அறுவடை செய்துகொண்டிருந்தார். நேர்மையற்ற ஒருவன் பெறும் கூலியில் ஒரு பகுதியை, அவனை அறியாத நேர்மையாளன் ஒருவன் தன் நற்பெயரிலிருந்து செலுத்துகிறான். அவரோ அதை அறிந்தவர் போல, நாம் கேளாமலே ஒவ்வொரு உறுப்பையும் வெள்ளைத் தாளின் மீது வைத்துக் காட்டிக்கொண்டே வேலை செய்தார். தொலைந்த திருகாணிக்கு ஈடாகப் பழைய இயந்திரம் ஒன்றிலிருந்து எடுத்துப் பூட்டியதையும், அது சற்றே நிறம் மாறியிருப்பதையும் அவரே சொன்னார்.

அன்பு வாசகர்களே, இது கடிகாரக் கடைக்கு மட்டும் உரிய அறமன்று. நோயாளியின் முன் அமர்ந்த மருத்துவர், மாணவனின் விடைத்தாளைத் திருத்தும் ஆசிரியர், படிப்பறியாதவரின் பத்திரத்தை எழுதும் எழுத்தர், வண்டியின் அடியில் படுத்திருக்கும் மெக்கானிக், பங்குக் கணக்கை எழுதும் நாம், வீட்டுச் செலவைக் கையாளும் நீங்கள் — எல்லார் வேலைக்கும் ஒரு பின்மூடி இருக்கிறது. அதைத் திறந்து பார்க்கத் தெரியாதவர்களே நம்மை நம்பி வருகிறார்கள். அவர்களுக்குத் தெரியாது என்பதை நமக்குக் கிடைத்த வசதியாகக் கருதுவதும், நம்மிடம் வைக்கப்பட்ட பொறுப்பாகக் கருதுவதும் நம் விருப்பத்தைச் சார்ந்தது. நாளை எவரேனும் தம் பொருளோடு நம்முன் நிற்கும்போது, செய்ததைச் செய்தோம் என்றும், செய்யாததைச் செய்யவில்லை என்றும், இயலாததை இயலாது என்றும் சொல்வோம். கூலி குறையலாம், நமக்குப் பின் அதே தொழிலுக்கு வருபவர் ஐயத்தின் பார்வையில் அமர நேராது.