ரிப்போர்ட் நார்மல்

நீங்கள் கடைசியாக ஆபீசுக்கு லீவு போட்டபோது என்ன காரணம் சொன்னீர்கள்? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். 'தலைவலி'தானே? நானும் அதைத்தான் சொல்வேன். காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்ப்பார்கள். கால் சுளுக்கு என்றால் மறுநாள் கொஞ்சம் நொண்டிக் காட்ட வேண்டும். தலைவலியில் அந்தத் தொல்லை இல்லை. வெளியே தெரியாது. பள்ளிக்கூட நாளிலிருந்து நாம் எல்லோரும் இப்படி எடுத்தெடுத்துச் செலவு செய்து, அந்த வார்த்தையைச் செல்லாத காசாக்கிவிட்டோம்.

அதற்கான விலையை வேறு யாரோ கொடுக்கிறார்கள். எங்கள் வீட்டில் என் மனைவி கொடுத்தாள்.

ஒற்றைத் தலைவலி அவளுக்குப் பழைய சொந்தக்காரர் மாதிரி. வருஷத்துக்கு நாலைந்து தடவை வரும். இருட்டறையில் ஒரு நாள் தங்கும். போய்விடும். மறுநாள் முழுக்க அசதியாக இருப்பாள். அதற்கடுத்த நாள் வழக்கம்போல இட்லிக்கு ஊறப்போட ஆரம்பித்துவிடுவாள்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு தை மாதம் வந்த தலைவலியும் அப்படித்தான் போனது. ஆனால் கிறுகிறுப்பு மட்டும் தங்கிவிட்டது. பம்பரம் மாதிரி சுற்றுவதில்லை. "படகுல நிக்கிற மாதிரி இருக்குங்க. தரை லேசா ஆடிக்கிட்டே இருக்கு" என்றாள். கூடவே ஓர் அசதி. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும், கல்யாண வீட்டில் மூன்று நாள் ஓடியாடியவள் மாதிரி உட்கார்ந்திருப்பாள். நாலு துணியைக் காயப்போட்டுவிட்டு வந்து படுத்துவிடுவாள். ஒரு வாரம் ஒரு மாதமானது. ஒரு மாதம் மூன்று மாதமானது.

காது மூக்கு தொண்டை டாக்டர், நரம்பு டாக்டர், கண் டாக்டர் என்று ஒரு சுற்று. சர்க்கரை, தைராய்டு, ரத்தசோகை என்று இன்னொரு சுற்று. கடைசியில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன். ரிப்போர்ட் வந்தது. எல்லாம் நார்மல்.

நான் அரைக் கிலோ மைசூர்பாகோடு வீட்டுக்கு வந்தேன். "அதான் ஒண்ணும் இல்லைனு வந்துடுச்சே. இனிமே கவலையை விட்டுட்டு நடமாடு" என்றேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். அவள் அந்தக் கவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"ஏதாவது இருக்குனு வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

யோசித்துப் பாருங்கள். தன் மூளையில் ஏதாவது கோளாறு இருக்கக் கூடாதா என்று ஒரு மனுஷி ஏங்குகிறாள். நோயைவிட அவளைப் படுத்திய விஷயம் வேறு. அவள் சொல்வதை யாரும் நம்பவில்லை. பக்கத்து வீட்டில் "பார்த்தா நல்லாத்தானே இருக்கே" என்றார்கள். என் அம்மா, "எங்க காலத்துல தலை சுத்துதுனு உக்கார ஏது நேரம்?" என்றாள். நான் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. ஆனால் சமையலறையில் பாத்திரம் கழுவும்போது சத்தம் கொஞ்சம் அதிகமாக வந்தது. அது அவள் காதில் விழாமல் இருந்திருக்காது.

ஒரு ராத்திரி அவளே கேட்டாள். "நெஜமாவே ஆடுதா, இல்ல நானா நெனச்சுக்கறேனா? எனக்கே சந்தேகமா இருக்குங்க." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நம்முடைய சந்தேகம் செய்கிற உண்மையான சேதம் இதுதான். அது மெல்ல அவர்களுக்குள்ளேயே குடியேறிவிடுகிறது.

ஸ்கேன் என்ன செய்கிறது? மூளையின் அமைப்பைப் படம் பிடிக்கிறது. வீட்டைப் போட்டோ எடுத்தால் சுவரில் விரிசல் தெரியும். உள்ளே ஓல்டேஜ் ஏறி இறங்குவது தெரியுமா? நாம் கீழே விழாமல் நிற்பதற்குக் கண், உள்காதிலிருக்கும் மூன்று அரைவட்டக் குழல்கள், பாதங்களிலும் மூட்டுகளிலும் இருந்து வரும் தகவல் எல்லாம் மூளைக்குப் போய் ஒத்துப்போக வேண்டும். அந்தக் கணக்கில் சின்னக் குழப்பம் வந்தால் போதும், தரை ஆடும். போட்டோவில் எதுவும் விழாது.

இந்த இடத்தில் ராபர்ட் பாரானி என்ற டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னாவில் காது டாக்டராக இருந்தவர். காதில் தண்ணீர் அடித்துக் கழுவும்போது பலர் தலை சுற்றுகிறது என்பார்கள். ஒருவர், "தண்ணீர் போதுமான சூடு இல்லாவிட்டால்தான் சுற்றுகிறது" என்றார். நர்ஸ், சூடு சரியாகத்தான் இருக்கிறது என்று சாதித்தார். பாரானி, நோயாளிக்குக் குளிர்ச்சியாகத் தோன்றினால் அவர் இஷ்டப்படியே செய்வோம் என்றுவிட்டார். அடுத்த முறை வந்த தண்ணீர் ரொம்பச் சூடு. மறுபடி தலை சுற்றியது. ஆனால் இந்தத் தடவை கண்விழிகள் துடித்த திசை நேர் எதிராக இருந்தது. அந்தப் பொறியிலிருந்துதான் உள்காதைச் சோதிக்கும் முறை பிறந்தது. 1914-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதி.

நர்ஸ் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த நோயாளியின் பேச்சை 'மனப்பிரமை' என்று தள்ளியிருந்தால்?

இன்று பாரானி பெயரிலேயே ஒரு சர்வதேச மருத்துவச் சங்கம் இருக்கிறது. ஒற்றைத் தலைவலியோடு சேர்ந்த தலைச்சுற்றலுக்கு, சர்வதேசத் தலைவலிச் சங்கத்தோடு சேர்ந்து அது பொது வரையறை வெளியிட்டது 2012-ல். மூன்று மாதத்துக்கு மேல் விடாமல் இருக்கும் ஆட்டத்துக்கு வரையறை வந்தது 2017-ல். ஒரு தாக்குதலுக்குப் பிறகு மூளை, திருடன் போன பிறகும் விளக்கை அணைக்காமல் விழித்திருக்கும் வீட்டுக்காரர் மாதிரி ஆகிவிடுகிறதாம். கூட்டம், ஓடும் வண்டிகள், சூப்பர் மார்க்கெட் அலமாரி வரிசை எல்லாம் ஆட்டத்தைக் கூட்டும். ரங்கநாதன் தெருவில் என் கையை அவள் ஏன் அப்படி இறுக்கிப் பிடித்தாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

சரி, 2012-க்கு முன்னால் தலை சுற்றியவர்கள் எல்லாம் பொய் சொன்னார்களா? வரையறைதான் தாமதமாக வந்தது. அவர்கள் சொன்னது முதல் நாளிலிருந்தே உண்மை.

அவளுக்கு இந்தப் பெயர்களில் ஏதாவது பொருந்துமா என்று டாக்டரைக் கேட்டோம். "இருக்கலாம். உறுதியா சொல்ல முடியல, இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு. ஆக, இன்னும் பெயர் இல்லை. பெயர் வரும்வரை நம்பிக்கையை நிறுத்தி வைக்கலாமா?

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு ஒற்றைத் தலைவலி வந்ததே இல்லை. அப்படியானால் அவள் படகு எனக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை. ஆனால் பழமொழி 'தெரியும்' என்பதைப் பற்றித்தான் பேசுகிறது. நம்புவது வேறு. தெரிந்துகொள்ள ஆதாரம் வேண்டும். நம்ப, எதிரே இருக்கும் மனுஷி போதும்.

ஏமாந்துவிட மாட்டோமா என்று கேட்பீர்கள். ஏமாறலாம். பொய் சொல்பவரை நம்பினால் எனக்கு ஒரு நாள் வேலை நஷ்டம். உண்மை சொல்பவரை நம்பாவிட்டால் அவருக்குத் தன் மேலேயே நம்பிக்கை போய்விடும். இரண்டு தவறும் ஒரே எடை இல்லை. நம்புவது என்றால் கட்டிலோடு கட்டிப்போடுவதும் இல்லை. டாக்டர் சொன்ன பயிற்சியை தினமும் செய்கிறாள். கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்டுகிறாள். (தலைச்சுற்றலோடு திடீரென்று பேச்சு குழறினாலோ, கை கால் விழுந்தாலோ, இந்தத் தத்துவத்தை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.)

நான் மாற்றிக்கொண்டது ஒரே ஒரு கேள்வி. "இன்னும் சரியாகலையா?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். "இன்னிக்கு எவ்வளவு ஆடுது?" என்று கேட்கிறேன். சில நாள் "அலை கம்மிங்க" என்பாள். சில நாள் பதில் சொல்லாமல் தோளைப் பிடித்துக்கொள்வாள். ஆட்டம் நிற்கவில்லை. ஆனால் ஆடுகிறது என்று நிரூபிக்க வேண்டிய வேலை அவளுக்கு இப்போது இல்லை. அதிலேயே அசதியில் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது என்கிறாள்.

இன்னொன்றும் உண்டு. இப்போதெல்லாம் லீவு லெட்டரில் நான் 'தலைவலி' என்று எழுதுவதில்லை. 'சொந்த வேலை' என்று எழுதிவிடுகிறேன். அந்த வார்த்தை வேறு ஒருவருக்குத் தேவைப்படுகிறது.